என்னைப் பிடித்துக்கொள்

போன ஆகஸ்ட்டில் ஒரு திங்கட்கிழமை காலை. என் மகன் தோசைத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, சமையலறை விளக்கை அணைக்கச் சொன்னான். கண் கூசுகிறது என்றான். அவன் அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், காய்ச்சல் இல்லை. பத்து நிமிடத்தில் வாந்தி எடுத்தான். அப்புறம்தான் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. சனிக்கிழமை ரக்பி ஆட்டத்தில் எதிரணிப் பையன் ஒருவனை மடக்கப் போனபோது அவனுடைய இடுப்பெலும்பு இவன் தலையில் மோதியிருக்கிறது. எந்தப் பக்கம் ஓடுவது என்றே சில நொடிகள் தெரியவில்லையாம். முதலுதவிக்காரர் ஓடிவந்து கேட்டதற்கு ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்கிறான். ஞாயிறு முழுக்கத் தலைவலி. எங்களிடம் மூச்சு விடவில்லை. ஏன்டா இரண்டு நாளாக மறைத்தாய் என்று கேட்டேன். "நீங்கதானேப்பா சாட்லர் கதை சொன்னீங்க. அவர் யார்கிட்டயும் சொல்லலையே" என்றான். அவனுக்குப் பதின்மூன்று வயது.

ஆமாம், நான்தான் சொன்னேன். தாடை உடைந்தும் கடைசி வரை ஆடிய ஒரு பழைய ரக்பி ஆட்டக்காரரின் கதை. ஒரு தடவை இல்லை, பத்துப் பதினைந்து தடவை சொல்லியிருப்பேன். மாதக்கணக்காக அந்தக் கதையையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எங்கே தப்பாகச் சொன்னேன் என்று தேடித்தான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது சிட்னியின் மேற்கே, வென்ட்வொர்த்வில்லில். ரயில் நிலையத்தை விட்டு இறங்கினால் தமிழ்க் குரல் கேட்கும். சனிக்கிழமை காலையில் மைதானங்களில் கேட்கிற குரல்கள் வேறு: சமோவா, டோங்கா குடும்பங்கள், லெபனான் குடும்பங்கள், நடுவில் எங்களைப் போல ஒன்றிரண்டு பேர். ரக்பி என்றதும் நம்மில் பலருக்கு நினைவு வருவது பதினைந்து பேர் ஆடும் யூனியன். இங்கே ஆடப்படுவது லீக், பதின்மூன்று பேர் ஆட்டம். 1895-ல் வட இங்கிலாந்தில், சனிக்கிழமை வேலையை விட்டுவிட்டு ஆட வந்த சுரங்கத் தொழிலாளிக்கும் ஆலைத் தொழிலாளிக்கும் போன கூலியை ஈடுகட்டலாமா கூடாதா என்ற சண்டையில் பிரிந்தது. 1908-ல் சிட்னியிலும் போட்டி தொடங்கி, இங்கேயும் உழைப்பாளிகள் வாழ்ந்த பகுதிகளில்தான் முதலில் வேர்பிடித்தது. சடுகுடு பார்த்து வளர்ந்த எனக்குப் பிடிபட அதிக நேரம் ஆகவில்லை. பந்தோடு ஒருவன் ஓடி வருகிறான், எதிரில் மூன்று பேர் சேர்ந்து அவனைக் கீழே சாய்க்கிறார்கள், இதற்கு டாக்கிள் என்று பெயர். அவன் எழுந்து பந்தைக் காலால் பின்னுக்குத் தள்ள, அடுத்தவன் எடுத்துக்கொண்டு ஓடுகிறான். ஆறு முறை சாய்க்கப்பட்டால் பந்து அடுத்த அணிக்கு.

இதில் 8, 10 என்ற எண்களோடு ஆடுகிறவர்கள் பிராப். நடுக்களத்தில் மோதி ஆடுகிற ஃபார்வர்டுகளிலேயே உடல் கனத்தவர்கள். நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள ஒருவர், தன்னைப் போலவே கனத்த மூன்று பேர் வரிசை கட்டி நிற்கும் இடத்தைத் தேடிப் போய் முழு வேகத்தில் மோதுவார். கிடைப்பது எட்டு மீட்டர், பத்து மீட்டர். விழுந்து எழுந்ததும் அடுத்த முறைக்கு ஓட வேண்டும். பந்து எதிரணியிடம் போனால், மோதல் இந்தப் பக்கத்திலிருந்து. ஒரு டாக்கிள், பத்து மீட்டர் பின்னே ஓட்டம், மறுபடி முன்னே வந்து ஒரு டாக்கிள். ஓர் ஆட்டத்தில் முப்பது தடவை இப்படி ஆவது சாதாரணம். ஓரத்தில் ஓடுகிற இளைஞன் பாய்ந்து புள்ளி எடுக்கும்போது கூட்டம் எழுந்து கத்தும். அவனுக்கு அந்த இடைவெளி கிடைத்ததற்குக் காரணம் முந்தைய நான்கு மோதல்கள். அவற்றை யாரும் நினைவு வைத்திருப்பதில்லை. சாரத்தின் கீழ் நின்று நாள் முழுக்கச் செங்கல் எடுத்துக் கொடுப்பவரைப் போன்ற வேலை. என் மகன் வயதுக்கு மீறிய உடம்போடு வளர்ந்ததால் அவனை அந்த இடத்தில் நிறுத்தினார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

2014, அக்டோபர் 5

எனக்கு இந்த ஆட்டத்தின் பித்துப் பிடித்த நாள் அது. நண்பர் ஒருவர் வீட்டில் பத்துப் பேர் கூடியிருந்தோம். மகன் என் மடியில், மூன்று வயது கூட நிரம்பவில்லை. ஹோம்புஷ் மைதானத்தில் எண்பத்து மூன்றாயிரத்துக்கும் மேல் கூட்டம். சவுத் சிட்னி ராபிட்டோஸ், சுருக்கமாகச் சவுத்ஸ், கிராண்ட் ஃபைனல் என்கிற இறுதி ஆட்டத்தில் நின்று நாற்பத்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. நடுவில் 2000, 2001 ஆகிய இரண்டு ஆண்டுகள் அவர்களைப் போட்டியிலிருந்தே நீக்கியிருந்தார்கள். தெருவில் ஊர்வலம் போய், நீதிமன்றம் ஏறித் திரும்பி வந்த அணி. எதிரில் கேன்டர்பரி புல்டாக்ஸ்.

ஆட்டம் தொடங்கியதும் முதல் மோதல். சவுத்ஸ் அணியின் சாம் பர்ஜெஸ் பந்தோடு வர, புல்டாக்ஸ் பிராப் ஜேம்ஸ் கிரஹாம் எதிரில் பாய்ந்தார். இருவரும் வட இங்கிலாந்தில் பிறந்தவர்கள், இங்கிலாந்து அணியில் சேர்ந்து ஆடியவர்கள். கிரஹாமின் தலை பர்ஜெஸின் முகத்தில் பட்டது. கன்ன எலும்பும் கண்குழி எலும்பும் உடைந்தன. பர்ஜெஸ் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். அப்புறம் எழுந்து ஆடத் தொடங்கியவர் கடைசி வரை ஆடினார். ஒரு கண் வீங்கி மூடிக்கொண்டே வந்தது. 30-6 என்று சவுத்ஸ் வென்றது. அன்றைய சிறந்த ஆட்டக்காரருக்கான கிளைவ் சர்ச்சில் பதக்கம் அவருக்கு. முடிந்ததும் அவர் அழுததைப் பார்த்து எங்கள் கூடத்திலும் இரண்டு பேர் அழுதார்கள். அவர்களில் நானும் ஒருவன்.

வர்ணனையாளர்கள் அன்று இரவு முழுக்க ஒரு பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள்: ஜான் சாட்லர், 1970. யார் அவர் என்று தேடப் போனவன்தான் நான். தேடிக் கண்டுபிடித்ததை மகனுக்குச் சொல்லிச் சொல்லி, அது எங்கள் வீட்டுக் கதையாகவே ஆகிவிட்டது.

நான் சொன்ன கதை

சாட்லர் 1942-ல் பிறந்தவர், நியூ சவுத் வேல்ஸின் சுரங்க ஊரான கர்ரி கர்ரியிலிருந்து வந்தவர். 1963-ல் சவுத்ஸுக்கு வந்தார். பிராப், பிற்பாடு அணித்தலைவர். களத்துக்கு வெளியே மிருதுவான மனிதர் என்பதால் 'ஜென்டில்மேன் ஜான்' என்று பெயர். களத்துக்குள் அப்படி இல்லை, நடுவர்கள் அவரைப் பலமுறை வெளியே அனுப்பியிருக்கிறார்கள். 1967, 1968, 1970, 1971 ஆகிய நான்கு ஆண்டுகளில் அவர் தலைமையில் சவுத்ஸ் கோப்பை வென்றது. அப்போது பயிற்சியாளராக இருந்தவர் கிளைவ் சர்ச்சில். பர்ஜெஸுக்குக் கிடைத்த பதக்கத்தில் இருப்பது அவர் பெயர்தான். அந்தக் காலத்தில் பெரிய ஆட்டக்காரர்களும் வாரம் முழுக்க வேறு வேலை பார்த்துவிட்டு மாலையில் பயிற்சிக்கு வந்தார்கள்.

1970, செப்டம்பர் 19. சிட்னி கிரிக்கெட் மைதானத்தில் இறுதி ஆட்டம், எதிரில் மான்லி அணி. ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களில், பந்து வேறிடத்தில் இருக்கும்போது, மான்லியின் ஃபார்வர்டு ஜான் பக்னல் விட்ட குத்தில் சாட்லரின் தாடை மூன்று இடங்களில் உடைந்தது. கால்கள் தள்ளாடின. பழைய படச்சுருளில் அதைப் பார்க்க முடிகிறது, நான் பல தடவை பார்த்திருக்கிறேன். பக்கத்தில் வந்த சக ஆட்டக்காரர் மைக் கிளியரியிடம் அவர் சொன்னது இந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்த வாக்கியம்: "என்னைப் பிடித்துக்கொள், எனக்கு அடிபட்டது அவர்களுக்குத் தெரியக் கூடாது." அப்புறம் எழுபது நிமிடத்துக்கு மேல் ஆடினார். வாயை இறுக மூடிக்கொண்டு மோதினார், மோதல்களை வாங்கினார். இடைவேளையில் விஷயம் தெரிந்து, மற்றவர்கள் பந்தை அவருக்குக் கொடுக்காமல் தவிர்க்கப் பார்த்தபோது கோபப்பட்டார். என்னை ஒதுக்காதீர்கள் என்றார். 23-12 என்று வென்றார்கள். உடைந்த தாடையோடு மேடை ஏறிக் கோப்பையை வாங்கி, பேசிவிட்டுத்தான் மருத்துவமனைக்குப் போனார்.

இவ்வளவுதான் நான் சொல்வது. கடைசி வாக்கியத்தில் குரலை ஏற்றுவேன். பையன் போர்வைக்குள்ளிருந்து, "அப்புறம்?" என்பான். "அப்புறம் என்ன, அடுத்த வருஷமும் ஜெயிச்சாங்க" என்பேன்.

சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. அந்த அக்டோபரில் இங்கிலாந்தில் உலகக் கோப்பை தொடங்கவிருந்தது. ஆஸ்திரேலியாவுக்குத் தலைமை தாங்கி அவர் போயிருக்க வேண்டியது. தாடையைக் கட்டிக்கொண்டு வீட்டில் இருந்தார். அவருடைய சவுத்ஸ் தோழர் ரான் கூட் தலைவராகப் போய், லீட்ஸில் பிரிட்டனை வென்று கோப்பையோடு திரும்பினார். எனக்கு இது தெரியும். கதையின் சூடு குறைந்துவிடும் என்று ஒவ்வொரு முறையும் அந்த இடத்துக்கு முன்னாலேயே நிறுத்திக்கொண்டேன்.

2023 மார்ச் 20 அன்று, எண்பதாவது வயதில், சாட்லர் இறந்துபோனார். கடைசி ஆண்டுகளில் மறதி நோய். அன்று செய்திகளில் மறுபடியும் அந்தத் தாடைதான் வந்தது. நானும் மகனைக் கூப்பிட்டு உட்கார வைத்து, இறந்தவருக்கு மரியாதை செய்வதாக நினைத்து, முழுக் கதையையும் இன்னொரு தடவை சொன்னேன். ஞாபகம் போய் இறந்தார் என்பதைச் சொல்லவில்லை. அந்த நோயையும் ஆட்டத்தையும் முடிச்சுப் போடுவதற்கு நான் மருத்துவன் இல்லை, போடவும் மாட்டேன். ஆனால் பையன் அதைக் கேட்டிருக்க வேண்டும் என்று இப்போது படுகிறது.

தாடை வேறு, தலை வேறு

மருத்துவரிடம் போன அன்று இரவு தூக்கம் வரவில்லை. கன்கஷன், அதாவது தலையில் அடிபட்டதால் வரும் மூளை அதிர்ச்சி என்றார் அவர். முதலில் ஓய்வு, திரை பார்க்கும் நேரத்தைக் குறைப்பது. எந்த அறிகுறியும் இல்லாமல் 14 நாள் போன பிறகுதான் மோதல் பயிற்சி, அடிபட்ட நாளிலிருந்து குறைந்தது 21 நாள் வரை ஆட்டம் கிடையாது. ஆண்டுப் போட்டியே முடிந்துவிடும் என்று பையன் முகம் தொங்கிப்போனது. எனக்குப் பயம் வேறாக இருந்தது. இத்தனை வருடங்களாக மேலோட்டமாகப் படித்துத் தள்ளிவிட்டதையெல்லாம் அன்று உட்கார்ந்து ஒழுங்காகப் படித்தேன்.

ஸ்டீவ் ஃபோக்ஸ் என்று ஒருவர். கேன்டர்பரியின் ஃபார்வர்டு, 1980-களில் நான்கு கோப்பைகள் வென்றவர். பிற்பாடு அதே அணிக்குப் பயிற்சியாளராக இருந்து 2004-ல் கோப்பை வாங்கித் தந்தவர். 2018 பிப்ரவரியில் மாரடைப்பில் போனார், வயது 59. அவருடைய மூளை ஆராய்ச்சிக்குக் கொடுக்கப்பட்டது. அடுத்த ஆண்டு சிட்னி ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட முடிவில், முன்னாள் ரக்பி லீக் ஆட்டக்காரர்கள் இருவரின் மூளையில் சி.டி.இ. என்ற சிதைவு நோய் இருந்தது. உலகிலேயே இந்த ஆட்டத்தில் அப்படி உறுதியான முதல் இரண்டு பேர். அதில் ஒருவர் ஃபோக்ஸ். மூளையின் மடிப்புகளில் டாவ் என்ற புரதம் கட்டிகட்டியாகச் சேர்ந்து நரம்பணுக்களைக் கெடுக்கிற நோய் இது. உயிரோடு இருக்கும்போது உறுதியாகச் சொல்ல முடியாது, இறந்த பின் மூளையைச் சீவிப் பார்த்தால்தான் தெரியும். என்னை உலுக்கியது இன்னொன்று. மயங்கி விழுகிற பெரிய அடிகள் மட்டும் இதற்குக் காரணம் இல்லை. யார் கண்ணிலும் படாத, ஆட்டக்காரனே பொருட்படுத்தாத சின்னச் சின்ன அதிர்வுகள் ஆண்டுக்கணக்கில் சேர்வதும் காரணம் என்கிறார்கள். அப்படியென்றால் ஒரு பிராப்பின் முப்பது டாக்கிள், பதினைந்து ஓட்டம், வாராவாரம், பத்துப் பன்னிரண்டு ஆண்டு. நான் கைதட்டிப் பார்த்த அந்தச் செங்கல் சுமக்கிற வேலை இது.

சவுத்ஸுக்கே 1980-களில் தலைவராக இருந்த மேரியோ ஃபெனெக், மறதி நோயோடு தொலைக்காட்சியில் வந்தபோது அவருக்கு வயது அறுபது. 2014-ல் பர்ஜெஸ் மீது மோதிய கிரஹாம், ஓய்வுபெற்றதும் தன் மூளையைப் படம் எடுத்துப் பார்த்து, தலை அடிகளைப் பற்றி ஓர் ஒலித்தொடரே செய்தார். தொழில்முறை ஆட்டத்தில் இன்று தனி மருத்துவர் ஒளிப்பதிவைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். சந்தேகம் வந்தால் ஆட்டக்காரரை வெளியே கூப்பிட்டுச் சோதிக்கிறார்கள். கன்கஷன் உறுதியானால் குறைந்தது 11 நாள் ஆடக் கூடாது என்று 2023-ல் விதி வந்தது. பதின்மூன்று வயதுப் பையன்கள் ஆடுகிற மைதானத்தில் அந்தக் கேமராக்கள் இல்லை. அங்கே இருக்கிற ஒரே கருவி பையனுடைய வாய்தான். என் பையன் வாயை நான் கதை சொல்லி மூடி வைத்திருக்கிறேன்.

கோபத்தில் ஒரு வாரம், இனி இந்த ஆட்டமே வேண்டாம் என்று இருந்தேன். சாட்லர் செய்தது முட்டாள்தனம் என்று பையனிடம் சொல்லிவிடலாம் என்றும் நினைத்தேன். வாய் வரவில்லை. ஏனென்றால் நான் அப்படி நினைக்கவில்லை. உடைந்த எலும்பின் வலியைத் தாங்கித் தோழர்களோடு நின்ற ஒருவரை, ஐம்பது ஆண்டு கழித்து நாற்காலியில் உட்கார்ந்து நான் முட்டாள் என்பது பொய். தாடை உடைந்தால் வலி அவருக்கே தெரியும், தாங்குவதா வேண்டாமா என்று அவரே முடிவெடுக்கலாம். தலையில் அடிபட்டால் முடிவெடுக்கிற இடத்திலேயே அடி. ஒன்றுமில்லை என்று சொன்னபோது என் மகன் பொய் சொன்னான் என்றுதான் முதலில் நினைத்தேன். அந்த நிமிடத்தில் ஒன்றுமில்லை என்றே அவனுக்குத் தோன்றியிருக்கவும் கூடும். அவனுக்கு முடிவெடுக்கும் வயதும் இல்லை. இதை அவனிடம் சொன்னேன். தலையாட்டினான். ஆனால் 'அவர் யார்கிட்டயும் சொல்லலையே' என்ற பேச்சுக்கு அது பதிலாகவில்லை என்று இருவருக்கும் தெரிந்தது.

ஒரு ராத்திரி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருக்கும்போது அந்த வாக்கியத்தை மனசுக்குள் மறுபடி சொல்லிப் பார்த்தேன். பத்து வருடமாகச் சொல்கிற வாக்கியம். 'என்னைப் பிடித்துக்கொள்.' கையில் நுரையோடு அப்படியே நின்றுவிட்டேன். சாட்லர் சொல்லியிருக்கிறார். அடிபட்ட மறுநொடியே சொல்லியிருக்கிறார். முதலில் வருவது உதவி கேட்கிற வார்த்தை. எதிரிக்குத் தெரியக் கூடாது என்பது அடுத்ததாகத்தான் வருகிறது. நான் எப்போதும் பின்பாதியைத்தான் குரல் ஏற்றிச் சொன்னேன். முன்பாதியைத் தாண்டி ஓடினேன். கதையில் கிளியரிக்கு ஒரு பெயருக்கு மேல் நான் எதுவும் கொடுத்ததில்லை.

கையைத் துடைத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். விளக்கை அணைத்துவிட்டுப் படுத்திருந்தான், தூங்கவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "சாட்லர் ஒருத்தர்கிட்ட சொன்னாருடா" என்றேன். "பக்கத்துல இருந்தவர்கிட்ட. பிடிச்சுக்கோன்னு கேட்டாரு. நான்தான் அதைச் சரியாச் சொல்லல." உலகக் கோப்பைக்குப் போக முடியாமல் போனதைச் சொன்னேன். கடைசியில் ஞாபகம் போனதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். அழுகிறானோ என்று பார்த்தேன், இல்லை, யோசித்துக்கொண்டிருந்தான்.

"அவர் பேர் என்னப்பா, பிடிச்சுக்கிட்டவர்?"

மைக் கிளியரி என்றேன். ஓரத்தில் ஓடுகிற விங்கர். ஆஸ்திரேலியாவுக்காக யூனியனும் ஆடியவர், லீக்கும் ஆடியவர். 1962-ல் பெர்த்தில் நடந்த காமன்வெல்த் போட்டியில் நூறு கஜ ஓட்டத்தில் வெண்கலம். பிற்பாடு இந்த மாநிலத்தின் விளையாட்டுத் துறை அமைச்சராகவும் இருந்தார். அன்றைக்கு மைதானத்தில் அவரைவிட வேகமாக ஓடக்கூடியவர் யாராவது இருந்திருப்பார்களா என்றே சந்தேகம்.

"அவ்வளவு வேகமா ஓடுறவரு, ஓடாம நின்னு பிடிச்சுக்கிட்டாரா?"

"ஆமா."

திரும்பிப் படுத்தான். "எவ்ளோ நேரம் பிடிச்சிருந்தாரு?" என்று சுவரைப் பார்த்தபடி கேட்டான். கொஞ்ச நேரம்தான், கால் ஊன்றுகிற வரைக்கும் என்றேன்.